பாலத்தில் பின்னால் போக வேண்டியவர்

பாலத்தின் உச்சியில் ஐஸ் வண்டியும் செங்கல் லாரியும் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றன. இரண்டில் ஒன்று பின்னால் போனால்தான் இரண்டுமே ஊர் போய்ச் சேர முடியும். எது பின்னால் போவது?

ஐஸ்காரருக்கு விடை தெரியவில்லை. இந்தப் பாலத்தில் ஓட்டி ஓட்டியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. விடை மட்டும் கிடைத்தபாடில்லை.

பாலத்தைக் கட்டியவர்கள் முட்டாள்கள் அல்ல. கீழே படகுகள் போக வேண்டும் என்று நடுவைத் தூக்கி மேடாகக் கட்டினார்கள். அகலம் கூடினால் தூண்கள் தாங்காது என்று ஒரு வண்டி போகும் அளவுக்கு ஒடுக்கிக் கட்டினார்கள். இரண்டும் நியாயமான காரணங்கள். ஆனால் மேடும் ஒடுக்கமும் சேர்ந்தபோது வினை பிறந்தது. இந்தக் கரையில் நிற்பவருக்கு மேடு வரைதான் தெரியும். அந்தக் கரையில் நிற்பவருக்கும் அப்படியே. இருவரும் பாலம் காலி என்று நம்பி, நல்ல மனசோடு ஏறுவார்கள். உச்சியில் சந்திப்பார்கள். யார் மேலும் தப்பில்லை. தப்பு இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

விதி என்று ஒன்று இல்லாததால் வேறு சில விஷயங்கள் விதியின் வேலையைச் செய்தன. பெரிய வண்டி, பெரிய குரல், வண்டிக்குள் இருக்கும் ஆட்களின் தோள் அகலம். இவை எதுவும் சரிவராவிட்டால் பொறுமை. பொறுமையில் ஐஸ்காரர் எப்போதும் தோற்றார். கரைகிற சரக்கை வைத்துக்கொண்டு காத்திருக்கும் போட்டியில் யார் ஜெயிக்க முடியும்?

செங்கல் லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். "நீங்களே பாத்துக்கங்கண்ணே. கல்லு கெட்டுப்போகாது. நான் நாளைக்கு வரைக்கும் நிப்பேன்."

"யோவ், உள்ள நோயாளிங்க இருக்காங்கய்யா!"

"எங்க? ரெண்டு பேரும் நல்லாத்தானே உக்காந்திருக்காங்க!"

உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஒருவர் ஐஸ்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் விசில் மட்டும் கழுத்தை விட்டு இறங்கவில்லை. இன்னொருவர் தையல்கார அக்கா. இருவருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் அக்கரை ஆஸ்பத்திரியில் இருக்கிறது. உடம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து, அழுக்கையும் மிச்சத் தண்ணீரையும் பிரித்து, திரும்ப உடம்புக்கே அனுப்பும் மெஷின். குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் நியாயம்தான், அவருக்கும் உயிர் இருக்கிறது. பாலத்தில் பஸ் போகாது. மீன் அங்காடிக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டியில் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டு போவார்கள்.

"மாமா," என்றார் மாஸ்டர், "நீங்க பின்னால எடுங்க. உங்களுக்கு அதான் நல்லா வருது. முன்னால ஓட்டினதைவிட நீங்க பின்னால ஓட்டினதுதான் அதிகம்."

"வாயை மூடு மச்சான். உன்னையும் இறக்கிவிட்டா பாரம் குறையும்."

தையல்கார அக்கா மடியில் இருந்த சட்டையில் காஜா எடுத்தபடியே சிரித்தார். "சண்டை போடுங்க தம்பி, நான் இன்னொரு பொத்தானுக்குக் காஜா எடுத்துடறேன்."

அன்றும் ஐஸ்காரர்தான் பின்னால் எடுத்தார். அன்றும் மெஷின் கைமாறிப்போனது. மாஸ்டரும் அக்காவும் சுத்தமாகாத இரத்தத்தோடு வீடு திரும்பினார்கள். ராத்திரி மனைவி கேட்டாள்: "பாலத்துல யார் பின்னால போகணும்னு ஒரு சட்டம் இருக்காதா? போய்க் கேட்டுப் பாருங்களேன்."

ஐஸ்காரர் போய்க் கேட்டார். ஊர் கெட்டது அதனால்தான் என்று அவரே பிற்பாடு சொல்லிக்கொள்வார்.

சட்ட ஆணையம் ஒரு பெரிய மாளிகையில் இருந்தது. அங்கே துணை ஆணையர் என்று ஒருவர் இருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அருமையான கேள்வி! இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்து கேட்டதில்லையே!"

"எல்லாரும் பாலத்துல நிக்கிறாங்க சார்."

"உக்காருங்க. சட்டம்னா என்ன, அது எதுக்கு, உங்களுக்குத் தெரியணும். சட்டம் இல்லாத இடத்துல என்ன நடக்கும்? பலம் இருக்கிறவன் போவான், பலம் இல்லாதவன் நிப்பான்."

ஐஸ்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அதேதான் சார்! அதைச் சொல்லத்தான் வந்தேன்!"

"அங்கதான் சட்டம் வருது. யாருக்குப் பலம் ஜாஸ்தின்னு நாங்க முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுவோம். அப்புறம் சண்டையே வராது."

ஐஸ்காரர் தலையாட்டினார். வாக்கியத்தின் முதல் பாதி அவ்வளவு சரியாக இருந்ததால், மறுபாதியும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

சில மாதங்களில் வண்டித் தகுதி அட்டவணை வந்தது. பாலத்தடியில் பந்தல் போட்டு, ஆணையர் வந்து, வெளியிட்டார். ஆணையர் எங்கே போனாலும் அவருக்கு முன்னால் ஒருவர் வெள்ளிப்பூண் போட்ட தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சட்டத்தின் மாட்சிமை அந்தத் தடியில் இருப்பதாக ஐதீகம். தூக்கும் ஆளுக்குத் தடியேந்தி என்று பதவிப் பெயர். ஆணையர் காரில் போனாலும் தடியேந்தி நடந்துதான் போக வேண்டும். கார் அவர் பின்னால் ஊர்ந்து வரும்.

"சட்டத்தின் முன் அனைவரும் சமம்," என்று ஆணையர் மைக்கில் தொடங்கினார். "அந்தச் சமமானவர்களில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை மட்டுமே இந்த அட்டவணை சொல்கிறது. அடித்துக்கொண்டு வழிவிடுவது காட்டுமிராண்டித்தனம். அட்டவணையைப் பார்த்து வழிவிடுவது நாகரிகம். வழிவிடுபவர் மாறப்போவதில்லை, ஆனால் இனிமேல் அவர் மரியாதையோடு வழிவிடுவார்."

கைதட்டினார்கள். ஐஸ்காரரும் தட்டினார். மாஸ்டர் மட்டும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

அட்டவணையின் முதல் விதி சுருக்கமானது: வெள்ளித்தடி எந்த வண்டியோடு செல்கிறதோ அந்த வண்டிக்கே முதல் தகுதி, எதிரே வரும் எந்த வண்டியும் பின்னால் செல்ல வேண்டும். அதற்கு அடுத்து சவ ஊர்தி. பிறகு படுத்த நிலையில் நோயாளி இருக்கும் வண்டி. அதற்குக் கீழே உயர் பதவியில் இருப்பவர், இருந்தவர் அமர்ந்த வண்டிகள். எல்லாவற்றுக்கும் அடியில் சரக்கு வண்டிகள், பாரத்துக்குத் தக்கபடி.

பாரத்தை அளக்கவும் தகுதியை அறிவிக்கவும் ஓர் எழுத்தரைப் போட்டார்கள். அவர் மேட்டு உச்சியில், கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு குடைக்குக் கீழே நின்றார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் வில்தட்டு எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அடிக்கோல் வைத்துப் பார்ப்பார். அமுங்கினால் பாரம், பாரம் இருந்தால் தகுதி. கணக்கில் பிசகு கிடையாது. பிசகு ஐஸில் இருந்தது. எதிர் வண்டியை அளந்துவிட்டு அவர் ஐஸ் வண்டிக்கு வருவதற்குள் ஐஸ் கரைந்து, தண்ணீர் ஓடி, வில்தட்டு நிமிர்ந்துவிடும். நிற்க நிற்க ஐஸ்காரரின் தகுதி சொட்டுச் சொட்டாக இறங்கியது. போதாததற்கு, பாலத்தை நனைத்த குற்றத்துக்குத் தனியாக ஒரு கண்டனம்.

ஒருநாள் ஐஸ்காரர் எழுத்தரிடம் கேட்டார்: "சார், நீங்க நிக்கிற இடத்துலேருந்து ரெண்டு கரையும் தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியுதே."

"அப்போ நான் ஏறும்போதே அந்தப் பக்கம் கையைக் காட்டி நிறுத்திட்டா போதுமே?"

எழுத்தர் பரிதாபமாகப் பார்த்தார். "எதிரெதிரே சந்திச்ச வண்டிங்க மேலதாங்க எனக்கு அதிகாரம். சந்திக்கிறதுக்கு முன்னால அவங்க சந்திக்கலையே!"

சம பாரத்தோடு இரண்டு செங்கல் லாரிகள் சந்தித்தபோது மூன்று நீதிமான்கள் மேசை நாற்காலியோடு வந்து பாலத்திலேயே அமர்வு நடத்தினார்கள். மேசைக்குப் பச்சைத் துணி விரித்தார்கள். அமர்வு முடியும் வரை பாலத்தில் சைக்கிள்கூடப் போகவில்லை. கடைசியில் இரண்டு லாரியும் சமம் என்று தீர்ப்பாயிற்று. அது எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். அதனால்தான் அமர்வே கூடியது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு, பழையபடி குரல் பெரிய லாரி முன்னால் போனது.

ஓய்வுபெற்ற செயலாளர் ஒருவருக்கு யோகம் அடித்தது. உயர் பதவியில் இருந்தவர் உட்கார்ந்தால் வண்டிக்குத் தகுதி கூடும் அல்லவா? பால் வண்டிக்காரர் அவரை வாடகைக்கு எடுத்தார். செயலாளர் மெத்தையும் ஃபிளாஸ்க்குமாக வண்டியில் ஏறி, பாலத்தில் போவதும் வருவதுமாக இருந்தார். பணியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு உழைத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மாஸ்டரும் அக்காவும் வீங்கத் தொடங்கினார்கள். மெஷினுக்குப் போக முடியாத நாட்களின் தண்ணீர் உடம்பிலேயே தங்கியது. செருப்பு காலில் ஏறவில்லை. ஐஸ்காரர் மச்சானையும் அழைத்துக்கொண்டு மறுபடி துணை ஆணையரிடம் போனார்.

"நோயாளிக்குத் தகுதி கொடுத்திருக்கோமே," என்றார் துணை ஆணையர்.

"படுத்திருந்தாத்தானே சார் கொடுத்திருக்கீங்க. என் வண்டியில உக்காரத்தான் இடம்."

"உக்கார முடியிறவருக்கு என்ன அவசரம்? எல்லாரும் நோயாளின்னு கிளம்பிட்டா அட்டவணை என்ன ஆகிறது?"

மாஸ்டர் குறுக்கிட்டார். "செத்தவனுக்கு என்ன சார் தகுதி?"

"சவ ஊர்திக்கு ரொம்ப மேல. தடிக்கு அடுத்தபடி. சட்டம் மரணத்தை மதிக்குது."

"அப்போ செத்துட்டா நான் கரெக்ட் டைமுக்கு ஆஸ்பத்திரி போயிடுவேன்."

துணை ஆணையர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா," என்றார். கிண்டல் என்று அவருக்குத் தோன்றவில்லை. விதிப்படி சரியான விளக்கம் என்றே தோன்றியது.

அடுத்த முறை வண்டி உச்சியை எட்டியபோது எதிரே பால் வண்டி நின்றது, உள்ளே செயலாளர். ஐஸ் வண்டிதான் பின்னால் போக வேண்டும். ஆனால் ஐஸ் வண்டிக்குப் பின்னால் சிமென்ட் லாரிகள் வரிசை கட்டியிருந்தன. பாரம் கூடியவை. பாரம் குறைந்தவர் பாரம் கூடியவரைப் பின்னால் போகச் சொல்ல முடியாது. எழுத்தர் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

தையல்கார அக்காவுக்கு மூச்சு வாங்கியது. உடம்பில் தேங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

ஐஸ்காரர் இறங்கி ஓடினார். "ஐயா, உங்க பின்னால ஒரு வண்டிகூட இல்ல. கொஞ்சம் பின்னால எடுக்கச் சொல்லுங்க. அந்தம்மாவுக்கு முடியல."

செயலாளர் ஃபிளாஸ்க்கை மூடினார். "எனக்கு இரக்கம் இல்லைன்னு நினைக்காதீங்க. ஆனா நான் ஒருதரம் பின்னால போயிட்டா, அப்புறம் என்னை யாரு வாடகைக்கு எடுப்பாங்க?"

ஐஸ்காரர் எழுத்தரிடம் ஓடினார். எழுத்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "உக்காந்திருக்காங்களே."

"பின்னால ஐஸ் மேல படுக்க வெச்சா படுத்த நோயாளின்னு எழுதுவீங்களா?"

"எழுதலாம். அதுக்கு இடம் இருக்கு."

அக்கா தலையை அசைத்தார். பேச மூச்சு போதவில்லை, ஆனாலும் பேசினார். "ஐஸ் மேல படுக்க… நான் என்ன மீனா தம்பி?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மடியில் இருந்த சட்டையில் ஊசி குத்தியபடியே இருந்தது. அது கடைசிக் காஜா.

எழுத்தர் மறுபடி எட்டிப் பார்த்தார். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, அட்டவணையைத் திருப்பி, உரக்க அறிவித்தார்: "ஐஸ் வண்டி இந்த நிமிஷத்திலேருந்து சவ ஊர்தி. எதிர் வண்டி பின்னால!"

பால் வண்டி உடனே பின்னால் போனது. செயலாளர் எழுந்து நின்று கைகூப்பினார். அக்கரை வரை ஒரு தடங்கல் இல்லை. ஐஸ்காரர் வாழ்க்கையிலேயே அந்தப் பாலத்தை அவ்வளவு வேகமாகக் கடந்ததில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தகுந்தாற்போல் ஒருவர்கூட அகப்படவில்லை. எல்லோரும் சட்டப்படி நடந்திருந்தார்கள்.

அன்று மாஸ்டருக்கு நேரத்துக்கு மெஷின் கிடைத்தது. பக்கத்துப் படுக்கை காலி. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த முறைக்கு மாஸ்டரை வண்டியில் ஏற்றவே இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அக்காவுக்கு வந்த அதே மூச்சு இப்போது அவருக்கு. "என் தம்பியைச் சவ ஊர்தியில கொண்டுபோகாதீங்க," என்று மட்டும் மனைவி சொன்னாள். ஐஸ்காரர் வண்டியை எடுத்தார்.

உச்சியில் எதிரே வெள்ளித்தடி எழும்பியது. அதற்குக் கீழே தடியேந்தி. அவருக்குப் பின்னால் ஆணையரின் கார்.

ஐஸ்காரர் கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பால் வண்டி, மெத்தையில் செயலாளர். சிக்கல் இதுதான்: ஐஸ் வண்டி பின்னால் போக வேண்டும். ஆனால் தனக்கு மேலான பால் வண்டியை அது நகரச் சொல்ல முடியாது.

"ஆணையர் சொல்லட்டுமே சார். அவர் எல்லாருக்கும் மேலதானே?" என்றார் எழுத்தரிடம்.

"அவருக்கு எதிர்ல நிக்கிறது நீங்கதான். செயலாளர் உங்க பின்னால நிக்கிறாரு. அட்டவணை எதிர்ல நிக்கிற வண்டியைப் பத்திதான் பேசுது."

"ஆணையர் கார் பின்னால காலியா கிடக்கு. அவர் பின்னால போனா ஒரு நிமிஷ வேலை."

எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஆணையர் காரைவிட்டு இறங்கினார். இக்கரைச் சட்டக் கல்லூரியில், சமுதாயத்துக்குச் சட்டம் ஏன் தேவை என்று உரையாற்றப் போய்க்கொண்டிருந்தார். பாலத்தில் ஒரு கூட்டம் சேர்ந்திருப்பதைக் கண்டதும் உரையை இங்கேயே ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

"அன்பர்களே! இதே இடத்தில் அண்மையில் ஓர் அம்மையார் காலமானார். அந்தக் கணமே சட்டம் விழித்தது. உயர் பதவி வகித்த ஒருவரே அவருக்காகப் பின்னால் சென்றார். ஒரு சாதாரணத் தையல் தொழிலாளிக்கு வேறு எந்த அமைப்பு இந்த மரியாதையைத் தரும்? சிலர் கேட்கிறார்கள், அதை ஒரு நிமிடம் முன்னால் தந்திருக்கக் கூடாதா என்று. தந்திருக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் முன்னால் அவர் வெறும் பயணிதானே! சட்டம் முந்திக்கொள்ளக் கூடாது."

கரைந்த ஐஸ் தண்ணீர் ஓடிவந்து அவர் ஷூவை நனைத்தது. அவர் ஓரடி தள்ளி நின்று தொடர்ந்தார்.

ஐஸ்காரர் காதில் உரை விழவில்லை. மச்சானின் மூச்சுதான் விழுந்தது. "காத்து… வெளிய," என்றார் மாஸ்டர். ஐஸ்காரர் கதவைத் திறந்து அவரை இறக்கினார். மாஸ்டரின் கால் தரையில் நிற்கவில்லை. விசிலை வாயில் வைத்து ஊத முயன்றார். பீ என்று நூல் போல ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்துக்கு ஒருவர் திரும்பினார். தடியேந்தி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மாஸ்டர்? மாஸ்டர், நான்தான்! தொடர் ஓட்டத்துல குச்சியைக் கீழ போட்டுட்டு உங்ககிட்ட அடி வாங்கினேனே!"

"இப்பவாவது… கீழ போடாம… இருக்கியே," என்றார் மாஸ்டர்.

தடியேந்திக்குக் கண் கலங்கிவிட்டது. யோசிக்காமல், "இதைப் பிடிச்சுக்கங்க மாஸ்டர்," என்று வெள்ளித்தடியை அவர் கையில் கொடுத்து, மறுபக்கத் தோளைத் தாங்கினார். மாஸ்டர் தடியை ஊன்றி நின்றார். கொஞ்சம் மூச்சு வந்தது. இருவருமாக அவரை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். கையை விட்டால் விழுந்துவிடுவோம் என்று மாஸ்டர் தடியை விடவே இல்லை. அதோடு சேர்த்துத்தான் கதவைச் சாத்த முடிந்தது. பூண் போட்ட நுனி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எழுத்தர் அந்த நுனியைப் பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார். மறுபடி நுனியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் கடமை தவறாதவர்.

"ஆணையர் வண்டி பின்னால!" என்று கூவினார்.

உரை நின்றது. "யாரைச் சொல்கிறாய்?"

"முதல் விதிங்க ஐயா. தடி ஐஸ் வண்டியில இருக்கு."

"அது என் தடி!"

"யாரோட தடின்னு விதியில இல்லீங்க. எந்த வண்டியோட போகுதுன்னுதான் இருக்கு. நீங்க எழுதினதுங்க ஐயா."

ஆணையர் வாயைத் திறந்தார். தான் எழுதிய விதிக்கு எதிராகப் பேச அவருக்கு எந்த விதியும் கிடைக்கவில்லை. அவருடைய டிரைவர் அதற்குள் கியரைப் பின்னால் தள்ளினார். அதுவரை பயன்படாத கியர், பெரிதாகக் கரகரத்தது. கார் பின்னால் ஊர்ந்தது, அதோடு ஆணையர் நடந்தார். ஐஸ் வண்டி தடியோடு பாலத்தைக் கடந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாஸ்டரின் கையில் ஊசிகளைப் பொருத்தினாள். குழாயில் இரத்தம் ஓடியது. வெகு நேரம் கழித்து மாஸ்டரின் மூச்சு சீரானது. ஐஸ்காரர் அப்போதுதான் உட்கார்ந்தார். தடி அவர் மடியில் இருந்தது.

"மாமா, தொடர் ஓட்டத்துல எதுக்குக் குச்சி வெச்சிருக்காங்க தெரியுமா?"

"படுத்தும் பாடம் எடுக்கிறியா?"

"கேளுங்க. குச்சி இருக்கிறவன் ஓடுவான். மத்தவன் எவ்வளவு பெரிய ஓட்டக்காரனா இருந்தாலும் நின்னுதான் ஆகணும், குச்சி கைக்கு வர்ற வரைக்கும். ஏன்னா குச்சி ஒண்ணுதான். ஒரே குச்சி ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் இருக்க முடியாதுல்ல?"

ஐஸ்காரர் மடியைப் பார்த்தார். தன் பழைய கேள்விக்கு விடை அங்கே கிடந்தது. யார் பின்னால் போவது என்ற கேள்வியே தவறு. சந்தித்த பிறகு தீர்க்கப் பார்த்தால் அது பலச் சண்டைதான். அட்டவணை போட்டாலும் சண்டைதான். சந்திக்காமல் இருக்க ஒரு வழி வேண்டும். யார் முதலில் என்பது முக்கியமில்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மச்சானை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது ஆணையர் அக்கரையிலேயே காரில் உட்கார்ந்திருந்தார். தடி இல்லாத ஆணையருக்கு அட்டவணையில் இடமே இல்லை. அப்படி ஒரு நிலை வரும் என்று எழுதியவர்கள் நினைக்கவில்லை. பாரத்தை அளந்தால் வாழைத்தார் வண்டிக்கும் கீழே. ஏறினால் பின்னால்தான் வர வேண்டும். இக்கரையிலும் அதே கதை. தடி அக்கரையில் இருக்கிறது என்று எழுத்தர் உச்சியிலிருந்து கத்திச் சொல்லிவிட்டார். ஏறினால் திரும்ப வேண்டும் என்று தெரிந்து எவரும் ஏறவில்லை. அந்தப் பாலம் முதல்முறையாகக் காலியாகக் கிடந்தது.

"கொண்டா தடியை!" என்று ஆணையர் கையை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குங்க? நீங்க முன்னால போங்க. நீங்க, அப்புறம் அந்த வாழைத்தார் வண்டி, கடைசியில நான். தடி கடைசி வண்டியில வரும். தடி வர்ற வரைக்கும் எதிர்ல ஒருத்தரும் ஏற மாட்டாங்க. பயப்படாம போங்க."

ஆணையர் போனார். வழியில் யாரும் எதிர்ப்படவில்லை. இக்கரையில் இறங்கியதும் மறுபடி கையை நீட்டினார். ஐஸ்காரர் அவரைத் தாண்டிப் போய், வரிசையில் முதலாவதாக நின்ற செங்கல் லாரிக்காரரைப் பார்த்தார்.

"உங்க பக்கத்து முறை. உங்க வரிசையில கடைசி வண்டிக்கிட்ட இதைக் கொடுத்துடுங்க. அந்தக் கரையில ஒப்படைக்கணும்."

"இது ஆணையத்தின் சொத்து!" ஆணையர் காரை லாரிக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னார். "தடி வராமல் நான் நகர மாட்டேன்."

செங்கல் லாரிக்காரர் அவரைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், வண்டிக்குள் துவண்டு கிடந்த மாஸ்டரைப் பார்த்தார். அவர் பக்கத்தில் அக்காவின் இருக்கை காலியாக இருந்தது. லாரிக்காரர் இன்ஜினை அணைத்தார்.

"நில்லுங்க ஐயா. கல்லு கெட்டுப்போகாது. நான் நாளைக்கு வரைக்கும் நிப்பேன்."

அவருக்குப் பின்னால் வரிசையாக இன்ஜின்கள் அணைந்தன. எவரும் கத்தவில்லை. ஆணையர் கடிகாரத்தைப் பார்த்தார். கல்லூரியில் கூட்டம் காத்திருந்தது. சமுதாயத்துக்குச் சட்டம் ஏன் தேவை என்று சொல்ல அவர் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. காத்திருக்கும் போட்டியில் முதல்முறையாக ஐஸ்காரர் தோற்கவில்லை. கார் விலகியது.

தடியைத் திருப்பித் தரச் சொல்லி ஆணையம் இன்றும் ஆள் அனுப்புகிறது. வருகிறவர் தடியை வாங்கிக்கொண்டு பாலம் ஏறலாம். மறுகரையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். மாஸ்டர் நேரத்துக்கு மெஷினுக்குப் போகிறார். தாமதங்களில் கெட்ட இதயம் கெட்டதுதான்; மாடி ஏற முடியாது, விசில் ஊத முடியாது. ஆனால் பாலத்தின் இரண்டு முனையிலும் தகரத்தில் எழுதி மாட்டியிருப்பது அவர் வாசகம்:

தடி ஒன்றுதான். தடி இருக்கும் கரையில் நிற்கும் வண்டிகள் போகலாம். கடைசி வண்டி தடியை எடுத்துப்போய் மறுகரையில் கொடுக்க வேண்டும். அந்தக் கரையில் வண்டி இல்லாவிட்டால் எழுத்தர் தடியை நடந்து கொண்டுபோய்க் கொடுப்பார். தடி இல்லாத கரையிலிருந்து யாரும் ஏறக் கூடாது, யாராக இருந்தாலும். நோயாளி இருக்கும் வண்டி வரிசையின் முன்னால் வரலாம். உட்கார்ந்திருந்தாலும் சரி.